விண்டோஸ் 7 கணினி, பழைய ஐஃபோன், ஜியோ ஃபோன்: எந்தெந்த பிரவுசருக்கு நாம் பொறுப்பு?

செக்காலைக்காரன்:

வணக்கம். நம் வாசகசாலைப் பட்டியல் மென்பொருள் தொடங்கியதிலிருந்து தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த ஒரு விஷயத்தை இப்போது பேசி முடித்துவிடலாம் என்று இந்த இழையைத் தொடங்குகிறேன். எந்தெந்த பிரவுசரில் இது ஓடியே ஆக வேண்டும், எதில் ஓடாவிட்டாலும் பரவாயில்லை என்று நாம் எங்கேயும் எழுதி வைக்கவில்லை. அதனால் ஒவ்வொருவரும் தன் கையில் இருக்கும் மெஷினை மனதில் வைத்துத்தான் நிரல் எழுதுகிறோம்.

இப்போது அவசரமாகப் பேசக் காரணம், அரியக்குடித் தம்பி அனுப்பியிருக்கும் மாற்றம். புதிய தோற்றம், எழுத்துவாரி அட்டவணை, தட்டத் தட்டத் தேடல் எல்லாம் இருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. அதைச் சேர்ப்பதற்கு முன்னால் கோட்டையூர் வாசகசாலைக் கணினியில் திறந்து பார்த்தோம். விண்டோஸ் 7, குரோம் 109. மேலே தலைப்புப் பட்டை மட்டும் வந்தது. அதற்குக் கீழே நூல் பட்டியல் இருக்க வேண்டிய இடம் முழுக்க வெள்ளை, பொத்தான்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலைத் திறந்தால், பட்டியலை வரிசையாக அடுக்கித் தரும் 'டுசார்ட்டட்' என்று ஒரு ஃபங்ஷனே கிடையாது என்று சிவப்பில் ஒரு வரி. அது குரோம் 110-இல் வந்தது. விண்டோஸ் 7-க்குக் கிடைக்கும் கடைசிக் குரோம் 109. தோற்றம் கலைந்ததற்குக் காரணம் சிஎஸ்எஸ் நெஸ்டிங், அதாவது தோற்ற விதிகளை ஒன்றுக்குள் ஒன்றாக எழுதும் முறை, அது வந்தது 112-இல்.

தம்பி எழுதியதில் தவறு இல்லை, நாம் சொல்லி வைக்காததுதான் குறை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலகச் சதவீதக் கணக்கை வைத்து இதை முடிவு செய்யக் கூடாது. நம் மென்பொருளை யார் எந்த மெஷினில் திறக்கிறார்கள் என்பதை வைத்து முடிவு செய்ய வேண்டும். படிப்பது வேறு, பதிவது வேறு என்று இரண்டாகப் பிரித்தும் பேச வேண்டும். எல்லாரும் சொல்லுங்கள்.

அரியக்குடி மாணவன்:

அண்ணே, மாற்றம் அனுப்பியது நான்தான். என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன்.

நான் மனம்போன போக்கில் எழுதவில்லை. பேஸ்லைன் என்று ஒரு அளவுகோல் இருக்கிறது, 2023-இல் வந்தது. குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி நான்கிலும் ஒரு வசதி வந்துவிட்டால் 'புதிதாகக் கிடைக்கிறது' என்பார்கள், அதிலிருந்து முப்பது மாதம் போனால் 'பரவலாகக் கிடைக்கிறது' என்று ஆகிவிடும். டுசார்ட்டட் 2023 ஜூலையில் ஃபயர்ஃபாக்ஸ் 115-லும் வந்ததோடு நான்கிலும் வந்துவிட்டது, முப்பது மாதம் கூட்டினால் 2026 ஜனவரி. இதைவிட நிதானமாக எப்படி எழுதுவது? நாமே ஒரு பட்டியல் போட்டு அதைப் பராமரிப்பதைவிட 'பேஸ்லைன் பரவலானது' என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் புதிதாக வருகிறவர்களுக்கும் குழப்பம் இருக்காதே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய பிரவுசருக்காக எழுதுகிற ஒவ்வொரு வரியும் எங்களைப் போன்றவர்களின் நேரம். நான் செமஸ்டருக்கு நடுவில்தான் இதைச் செய்கிறேன். பழையது எல்லாவற்றையும் தாங்க வேண்டும் என்றால் புதிதாக எதையும் செய்யவே முடியாது.

கோட்டையூர் டீச்சர்:

தம்பி, நீங்கள் செய்தது அருமையாக இருக்கிறது, என் பேத்தியின் ஃபோனில் பார்த்தேன். எழுத்தைத் தொட்டால் அந்த எழுத்தில் தொடங்கும் நூல்கள் வருவதைப் பார்த்து அவளுக்கே சந்தோஷம்.

ஆனால் நான் வேலை செய்வது அந்தக் கணினியில்தான். வாசகசாலை மாலையில் திறக்கிறது. பழைய ஆக்சஷன் ரிஜிஸ்டரை, அதாவது நூல் வரவுப் பதிவேட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, தூசி தட்டி, தலைப்புப் பக்கத்தில் இருக்கும் அச்சகம், ஊர், வருஷம் எல்லாவற்றையும் தமிழ்99 விசைப்பலகையில் தட்டுகிறேன். சில புத்தகங்கள் ரங்கூனில் அச்சடித்தவை, சில பினாங்கு. தாள் பழுத்துப்போய், திருப்பினால் ஓரம் உதிர்கிறது, அதனால் இன்னொரு முறை எடுத்துப் பார்க்க முடியாது, எடுத்த கையோடு பதிந்துவிட வேண்டும். பதிந்து முடித்ததும் முதுகில் ஒட்டுகிற லேபிளையும் அதே கணினியில் அச்சடிக்கிறேன். அந்த லேபிள் பிரின்டர் வேறு எதிலும் ஓடாது என்று கடைக்காரர் சொல்லிவிட்டார்.

புதுக் கணினி வாங்கச் சங்கத்தில் கேட்டிருக்கிறோம், வரும்போது வரும். அதுவரைக்கும் இந்த மென்பொருள் அங்கே நின்றுவிட்டால் பதிவும் நின்றுவிடும். பேஸ்லைன் பற்றியெல்லாம் எனக்குத் தெரியாது, என் திரையில் பட்டியல் வரவில்லை என்பது தெரியும்.

பள்ளத்தூர் பெங்களூரு:

டீச்சர் சொல்வது புரிகிறது. ஆனாலும் ஒரு விஷயத்தை யாராவது சொல்லியே ஆக வேண்டும். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியோடு பொது ஆதரவை நிறுத்திவிட்டது. காசு கட்டி வாங்கும் நீட்டிப்பும் 2023 ஜனவரியில் முடிந்தது. அந்த மெஷினில் இருக்கும் குரோமுக்குப் பாதுகாப்புத் திருத்தம் வந்து வருஷக்கணக்கில் ஆகிறது. அதில் உட்கார்ந்து டீச்சர் தன் பாஸ்வேர்டைத் தட்டுகிறார், அந்த பாஸ்வேர்டுக்குப் பட்டியல் முழுவதையும் திருத்தும் உரிமை இருக்கிறது. ஏதாவது ஆனால் போவது கோட்டையூர்ப் பட்டியல் மட்டும் இல்லை, எல்லா வாசகசாலைகளின் பட்டியலும் ஒரே சர்வரில் இருக்கிறது.

அதனால் குரோம் 109-ஐ முழு ஆதரவுப் பட்டியலில் போட நான் சம்மதிக்க மாட்டேன். 'ஆதரிக்கிறோம்' என்று எழுதினால் 'இது சரியான ஏற்பாடு, இப்படியே இருங்கள்' என்று நாமே சொன்ன மாதிரி ஆகிவிடும்.

இன்னொரு விஷயம், தம்பியின் தேடல் பெட்டியைப் பார்த்தேன். விசையை அழுத்தியதும் பிரவுசர் சொல்லும் கீடவுன் நிகழ்வை நம்பி எழுதியிருக்கிறார். ஆண்ட்ராய்டில் தமிழ் விசைப்பலகையில் தட்டினால் பெரும்பாலும் எந்த எழுத்துக்கும் 229 என்ற ஒரே எண்தான் வரும், எந்த விசை என்று தெரியாது. பெட்டியில் இருக்கும் எழுத்து மாறியதும் வரும் இன்புட் நிகழ்வுக்கு மாற்றிவிடுங்கள். ஒரே வரி வேலை, எல்லா பிரவுசரிலும் ஓடும். பதிப்பு எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த மாதிரி விஷயம் கண்ணில் படாது. புத்தம்புதிய குரோமிலும் இது தப்பாகத்தான் ஓடும்.

சிங்கை தேவகோட்டை:

நானும் உள்ளே வருகிறேன். பூர்வீகம் தேவகோட்டை, வேலை சிங்கப்பூரில். எங்கள் பக்கம் பெரும்பாலானவர்கள் கையில் ஐஃபோன், அதைப் பற்றி இங்கே யாரும் பேசவே இல்லை.

ஐஃபோனில் குரோம் போட்டாலும் ஃபயர்ஃபாக்ஸ் போட்டாலும் உள்ளே பக்கத்தை வரைகிற எஞ்சின் சஃபாரியின் வெப்கிட்தான். ஐரோப்பிய யூனியன் போன்ற சில இடங்களில் மட்டும் 2024-இலிருந்து ஆப்பிள் வழிவிட்டது, நமக்கு அது கிடையாது. அந்த சஃபாரியும் ஐஓஎஸ்ஸோடு ஒட்டிக்கொண்டது, தனியாகப் புதுப்பிக்க முடியாது. ஐஃபோன் 6 என்றால் ஐஓஎஸ் 12-ஓடு முடிந்தது, ஐஃபோன் 7 என்றால் 15-ஓடு முடிந்தது. என் அப்பச்சி வைத்திருப்பது ஐஃபோன் 7. அதிலும் டுசார்ட்டட் கிடையாது, அது சஃபாரி 16-இல்தான் வந்தது. ஆக, விண்டோஸ் 7 மட்டும் தனித்து நிற்கவில்லை.

இதைவிட முக்கியமாக எனக்குப் படுவது ஆஃப்லைன் பதிவு. ஊருக்கு வரும்போதுதான் வீட்டைத் திறக்கிறோம். மேல்மாடி அறையில் ட்ரங்குப் பெட்டி நிறைய ஐயா காலத்துப் புத்தகங்களும் கணக்கேடுகளும் இருக்கின்றன. அந்தச் சுவர்களின் கனத்துக்கு வளவுக்குள்ளேயே சிக்னல் வராது, மாடி அறைக்குள் கேட்கவே வேண்டாம், முகப்புக்கு வந்தால்தான் ஒன்றிரண்டு கோடு தெரியும். அதனால் ஃபோனிலேயே சேமித்து வைத்து அப்புறமாக அனுப்புகிற வசதியை நாங்கள் ரொம்ப நம்பியிருக்கிறோம். ஆனால் சஃபாரி 13.1-இலிருந்து, நாம் ஏழு நாள் பிரவுசரைப் பயன்படுத்தியும் ஒரு தளத்துப் பக்கம் போகவே இல்லை என்றால், அந்தத் தளம் ஃபோனில் எழுதி வைத்ததை அழித்துவிடும். முகப்புத் திரையில் ஐகானாகச் சேர்த்து வைத்தால் இந்தக் கெடு கிடையாது. ஊரில் பதிந்துவிட்டு, அனுப்ப மறந்து, விமானம் ஏறிப் போய் வேலையில் மூழ்கிவிட்டால் அவ்வளவும் போய்விடும். வீட்டை மறுபடி பூட்டியிருப்போம்.

'ஐஃபோன் ஆதரவு உண்டு' என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் அது பெரிய அநியாயம்.

செக்காலைக்காரன்:

இது கட்டாயம் எழுத வேண்டிய விஷயம். ஆஃப்லைன் பதிவுக்கு ஐஃபோனில் ஐகானாகச் சேர்த்தால்தான் அனுமதி என்று நிரலிலேயே கட்டிவிடலாம். சேர்க்காமல் திறந்தால் படிக்கலாம், சிக்னல் இருக்கும்போது பதியலாம், ஆனால் ஃபோனுக்குள் தேங்க விடக் கூடாது. பின்னணியில் தானாக அனுப்பும் பேக்கிரவுண்ட் சிங்க் வசதி சஃபாரியிலும் இல்லை, ஃபயர்ஃபாக்ஸிலும் இல்லை. ஆகவே அனுப்பாத பதிவு இருந்தால் மேலே பெரிதாகத் தெரிய வேண்டும், பயனரே தொட்டு அனுப்ப வேண்டும். குரோமிலும் அப்படியே செய்தால் எல்லாருக்கும் ஒரே பழக்கம்.

தம்பி, பேஸ்லைன் பற்றி. நல்ல அளவுகோல்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அது பிரவுசர்களின் வயதைப் பார்க்கிறது, மெஷின்களின் வயதைப் பார்ப்பதில்லை. முப்பது மாதத்தில் பிரவுசர் தானாகவே புதுப்பித்துக்கொண்டிருக்கும் என்ற எண்ணத்தில் போட்ட கணக்கு அது. நம் பக்கம் இருப்பது புதுப்பிக்கவே முடியாத மெஷின். ஆண்ட்ராய்டும் அப்படித்தான். ஆண்ட்ராய்டு 7-க்குக் கடைசிக் குரோம் 119, ஆண்ட்ராய்டு 8-க்கும் 9-க்கும் கடைசி 138. ஃபோன் நன்றாக ஓடுகிற வரைக்கும் யாரும் அதைத் தூக்கிப் போடுவதில்லை. வீட்டில் பெரியவர்கள் கைக்குப் போகும், இல்லாவிட்டால் பிள்ளைகள் கைக்குப் போகும்.

எந்தெந்த பிரவுசருக்காக நிரலைத் தயாரிப்பது என்று பட்டியல் தரும் பிரவுசர்ஸ்லிஸ்ட் கருவியின் இயல்பு அமைப்பிலும் இதே சிக்கல். உலகப் பயன்பாட்டில் அரைச் சதவீதத்துக்கு மேல், கடைசி இரண்டு பதிப்பு, ஃபயர்ஃபாக்ஸ் இஎஸ்ஆர் (நீண்ட காலம் திருத்தம் கிடைக்கும் பதிப்பு), செத்துப்போனவை நீங்கலாக என்று இருக்கும். டீச்சரின் கணினி அந்தச் சல்லடையில் எப்போது வேண்டுமானாலும் கீழே விழுந்துவிடலாம். நம் திட்டத்தில் நடக்கும் பதிவில் பெரும்பங்கு அந்த ஒரு கணினியில்தான் நடக்கிறது.

புதுவயல் கணினிக்கடை:

டீச்சரின் கணினியைப் பார்த்துக்கொள்வது நான்தான், அதனால் எழுதுகிறேன். கோர் 2 டுயோ, 2 ஜிபி ராம். விண்டோஸ் 10 போட்டால் இழுக்கும், அதற்கும் மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரில் ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 அந்த போர்டில் ஏறவே ஏறாது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு கேட்கும். என் கடைக்கு வருகிற கணினிகளில் இந்த நிலைமையில் இருப்பவை நிறைய. அரிசி ஆலைகளில் பில் போடுவதே இன்னும் விண்டோஸ் 7-இல்தான்.

லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்று சொன்னேன், இலகுவான ஒன்றைப் போட்டால் 2 ஜிபியில் நன்றாகவே ஓடும், புது ஃபயர்ஃபாக்ஸும் கிடைக்கும். லேபிள் பிரின்டருக்கு லினக்ஸில் டிரைவர் இல்லை, அங்கேதான் முட்டுகிறது.

பெங்களூரு சார் பாதுகாப்பு பற்றிச் சொல்வது சரி. அதற்கு ஒரு வழி இருக்கிறது. விண்டோஸ் 7-இல் குரோமை விட்டுவிட்டு ஃபயர்ஃபாக்ஸ் 115 இஎஸ்ஆர் போடலாம். கூகுள் குரோம் 109-ஐக் கைவிட்ட பிறகும், ஃபயர்ஃபாக்ஸை வெளியிடும் மொஸில்லா விண்டோஸ் 7-க்காக அந்த 115-க்குப் பாதுகாப்புத் திருத்தம் கொடுத்து வந்தது, நிறுத்துகிற கெடுவை ஒரு தடவைக்கு மேல் தள்ளியும் வைத்தது. விண்டோஸே பழையது என்ற குறை இருக்கத்தான் செய்யும், ஆனால் இணையத்துக்கு முகம் காட்டுகிற பிரவுசராவது ஓரளவு சுத்தமாக இருக்கும். பிரின்டரும் ஓடும்.

பள்ளத்தூர் பெங்களூரு:

இதை ஏற்கிறேன். விண்டோஸ் 7-இல் பதிவதற்கு ஃபயர்ஃபாக்ஸ் 115 மட்டும், மொஸில்லா நிறுத்துகிற நாளில் நாமும் நிறுத்துகிறோம். குரோம் 109-இல் படிக்கலாம், உள்நுழைய முடியாது. டீச்சரின் உரிமையையும் கொஞ்சம் சுருக்கலாம், கோட்டையூர்ப் பட்டியலை மட்டும் திருத்தும் அளவுக்கு. அது பிரவுசர் விஷயம் இல்லை என்றாலும் இதோடு சேர்ந்தே செய்ய வேண்டியது.

ஆனால் ஃபயர்ஃபாக்ஸ் 115 என்று முடிவு செய்தால் அதில் எது ஓடும், எது ஓடாது என்று இப்போதே பார்த்துவிட வேண்டும். டுசார்ட்டட் இருக்கிறது, 115-லேயே வந்தது. நெஸ்டிங் இல்லை, 117-இல் வந்தது. சொல்லை எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும் இன்ட்ல் செக்மென்டர் (Intl.Segmenter) இல்லை, ஃபயர்ஃபாக்ஸுக்கு அது 2024-இல் 125-இல்தான் வந்தது. தம்பியின் நிரலில் செக்மென்டர் எங்கெங்கே இருக்கிறது?

அரியக்குடி மாணவன்:

இரண்டு இடத்தில் இருக்கிறது, அண்ணே. எழுத்துவாரி அட்டவணையில் ஒன்று, முதுகு லேபிளில் ஒன்று.

லேபிளுக்கு அது இல்லாமல் முடியாது என்றுதான் போட்டேன். ஆசிரியர் பெயரின் முதல் மூன்று எழுத்து வேண்டும். பாரதியார் என்றால் 'பாரதி' என்று வர வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் சாதாரணமாக மூன்றை வெட்டினால் 'பார' என்று வரும், ஏனென்றால் துணைக்கால் அதற்குத் தனி எழுத்து. கம்பன் என்றால் 'கம்ப' வேண்டிய இடத்தில் 'கம்' என்று நிற்கும், புள்ளியையும் ஒரு எழுத்தாக எண்ணிவிடும். காரைக்குடி நமக்கு ஐந்தெழுத்து, அதற்குப் பத்து. செக்மென்டர்தான் நம் எழுத்தை நம்மைப் போலவே எண்ணுகிறது. குரோமில் 87-லிருந்து இருக்கிறது, சஃபாரியில் 14.1-லிருந்து இருக்கிறது, அதனால் கவலைப்படாமல் போட்டேன்.

பள்ளத்தூர் பெங்களூரு:

தமிழுக்கு அவ்வளவு பெரிய கருவி தேவையில்லை. ஒரு மூல எழுத்து, அதன்பின் எத்தனை சார்பெழுத்துக் குறி வந்தாலும் அதோடு சேர்த்து ஒன்று. இதை ஒரு ரெகுலர் எக்ஸ்பிரஷனில், அதாவது எழுத்து வடிவத்தைத் தேடும் சூத்திரத்தில் எழுதிவிடலாம், இப்படிப்பட்ட குறிகளைக் குறிக்கும் யூனிகோட் பண்பு எம்-ஐ வைத்து. அந்த வசதி குரோம் 64, சஃபாரி 11.1, ஃபயர்ஃபாக்ஸ் 78-லிருந்தே இருக்கிறது. வெட்டுவதற்கு முன்னால் நார்மலைஸ் செய்து ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், 'கொ'வை ஒற்றைக் குறியாகத் தட்டுகிறவர்களும் உண்டு, ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டாகத் தட்டுகிறவர்களும் உண்டு. கிரந்தத்தில் 'ஸ்ரீ', 'க்ஷ' இரண்டையும் தனியாகக் கவனிக்க வேண்டும், செக்மென்டரை வைத்துக்கொண்டாலும் அந்த வேலை இருக்கும்.

அட்டவணையை பிரவுசரில் செய்யவே வேண்டாம் என்பது என் கருத்து. அகர வரிசையில் அடுக்குவதை சர்வரில் செய்துவிடுங்கள். யூனிகோட் எண் வரிசைப்படி அடுக்கினால் 'ன' போய் 'ந'வுக்குப் பக்கத்தில் நிற்கும், 'ஜ' வந்து 'ச'வுக்கும் 'ஞ'வுக்கும் நடுவில் உட்காரும். டேட்டாபேஸில் ஐசியூ என்ற யூனிகோட் மென்பொருள் தொகுப்பின் தமிழ் வரிசையை வைத்து அடுக்கி, எழுத்துவாரியாகப் பிரித்து, பக்கமாகவே அனுப்பிவிட்டால் எல்லா பிரவுசருக்கும் ஒரே வரிசை வரும். சர்வருக்கு மாற்றுகிற ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பிரவுசர் தலைவலி குறையும்.

அரியக்குடி மாணவன்:

சரி அண்ணே, அது நல்ல வழி. டுசார்ட்டட் பிரச்சினையும் அதிலேயே தீர்ந்துவிடும், அடுக்குகிற வேலையே பிரவுசரில் இல்லையே.

நெஸ்டிங்கை பில்டு செய்யும்போதே, அதாவது வெளியிடும் கோப்பைத் தயாரிக்கும்போதே பிரித்துப் போட்டுவிடலாம், நான் எழுதுவது எழுதுகிறபடியே இருக்கும், வெளியே போகிற கோப்பு மட்டும் பழைய வடிவில் போகும். அதில் எனக்கு நேரச் செலவு இல்லை. ஜாவாஸ்கிரிப்டிலும் தொடரியலை அப்படி இறக்கிவிடலாம், ஐஓஎஸ் 12 சஃபாரிக்கு ஆப்ஷனல் செயினிங் (?. என்று எழுதும் புதிய தொடரியல்) புரியாது, அந்தக் கேள்விக்குறியும் புள்ளியும் ஒரே ஒரு இடத்தில் இருந்தாலும் கோப்பு முழுவதையும் தூக்கிப் போட்டுவிடும். ஆனால் ஃபங்ஷன் இல்லாத பிரச்சினையை பில்டு தீர்க்காது என்பது இப்போது புரிகிறது. புதிய தொடரியல் எழுதினால் கருவி மொழிபெயர்த்துவிடும், புதிய ஃபங்ஷனைக் கூப்பிட்டால் அப்படியே விட்டுவிடும், அங்கே போய் விழும். அதற்கு நாம்தான் பார்த்து எழுத வேண்டும். நிரலைச் சரிபார்க்கும் லின்ட் கருவியில் ஒரு விதி போட்டு, பட்டியலில் இல்லாத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் தடுக்கும்படி வைக்கிறேன், பிறகு வருகிறவர்களும் இதே இடத்தில் மாட்ட மாட்டார்கள்.

ஜியோ ஃபோன் பற்றி யாராவது சொல்லுங்கள். என் வகுப்பில் ஒருவன் வீட்டில் அதுதான் இருக்கிறது.

செக்காலைக்காரன்:

ஜியோ ஃபோனில் இருப்பது கைஓஎஸ், அதன் உள்ளே ஃபயர்ஃபாக்ஸ் 48 காலத்து கெக்கோ எஞ்சின். பக்கத்தைக் கட்டம் கட்டமாக அமைக்கும் சிஎஸ்எஸ் கிரிடே அதற்குப் பிறகு 52-இல் வந்ததுதான். திரை 240-க்கு 320. ஓபரா மினியும் கிட்டத்தட்ட இந்த ரகம், டேட்டா மிச்சம் பிடிக்கிற முறையில் வைத்தால் பக்கத்தை அவர்களுடைய சர்வரிலேயே சமைத்து அனுப்பிவிடும், ஜாவாஸ்கிரிப்ட் அரைகுறையாக ஓடும்.

இவற்றுக்காக யாரும் உட்கார்ந்து வேலை செய்யத் தேவையில்லை, பக்கம் சர்வரிலிருந்தே முழுசாகப் போனால் போதும். தேடல் என்றால் ஒரு சாதாரண படிவம், சொல்லைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால் இன்னொரு பக்கம் வரும். தட்டத் தட்டத் தேடுவது அதற்கு மேலே ஒரு வசதி, இருக்கிறவர்களுக்கு இருக்கட்டும். ஜாவாஸ்கிரிப்ட்டை மாட்யூல் என்ற புதிய வகைக் கோப்பாக மட்டும் அனுப்பினால், மாட்யூல் தெரியாத பிரவுசர் அதைத் தொடாமலே விட்டுவிடும், பக்கம் உடையாது. விக்கிப்பீடியாவை ஓட்டும் மீடியாவிக்கியும் பழைய பிரவுசருக்கு ஜாவாஸ்கிரிப்ட் அனுப்பாமல் கட்டுரையை மட்டும் கொடுக்கிறது. அதுபோல நம் பட்டியலையும் எந்தப் பழைய ஃபோனிலும் படிக்க முடிய வேண்டும்.

வாசகசாலையில் என்ன புத்தகம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கு ஒருவர் ஃபோன் மாற்ற வேண்டும் என்ற நிலைமை வரக் கூடாது. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். இந்தப் பகுதியில் புத்தகம் சேர்த்தவர்கள் எவ்வளவு பாடுபட்டார்கள் என்று நமக்குத் தெரியும். கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் தனி மனிதராகச் சேர்த்ததுதான் 1994-இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக ஆனது. அந்த மாதிரி போய்ச் சேராமல் ஊர்களில் தங்கிப்போன புத்தகங்களைத்தான் நாம் பதிந்துகொண்டிருக்கிறோம்.

பள்ளத்தூர் பெங்களூரு:

எந்தப் பழைய ஃபோனிலும் என்று எழுதிவிடாதீர்கள். நாம் விரும்பினாலும் முடியாத எல்லை ஒன்று இருக்கிறது. நம் தளத்தின் பாதுகாப்பான இணைப்புக்கான சான்றிதழ், அதை இலவசமாகத் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டுடையது. ஆண்ட்ராய்டு 7.1-க்கு முந்தைய ஃபோன்கள் அவர்களுடைய புதிய மூலச் சான்றிதழை அறியாது. கொஞ்ச காலம் பழைய சான்றிதழின் குறுக்குக் கையொப்பத்தில் ஓட்டினார்கள், அதுவும் 2024 செப்டம்பரோடு முடிந்தது. ஆண்ட்ராய்டு 6-இல் இருக்கும் குரோமில் நம் தளத்தைத் திறந்தால் எச்சரிக்கைப் பக்கம்தான் வரும், நம் எச்டிஎம்எல் போய்ச் சேரவே சேராது. ஃபயர்ஃபாக்ஸ் சான்றிதழ்களைத் தன்னோடு கொண்டுவருவதால் அதில் திறக்கும். அதனால் 'பாதுகாப்பான இணைப்பு கிடைக்கிற எந்த பிரவுசரிலும் படிக்கலாம்' என்று எழுதுங்கள்.

புதுவயல் கணினிக்கடை:

ஃபயர்ஃபாக்ஸை யாருமே பயன்படுத்துவதில்லை, அதற்கு ஏன் சோதனை என்று ஒரு கேள்வி எப்படியும் வரும், இப்போதே பதில் எழுதி வைத்துவிடுங்கள். எட்ஜ் 2020-லிருந்து குரோமின் அடித்தளமான குரோமியம்தான், ஓபராவும் அதற்கு முன்பே குரோமியத்துக்குப் போய்விட்டது. ஆண்ட்ராய்டிலும் விண்டோஸிலும் குரோமியம் இல்லாமல் மிஞ்சியிருக்கும் பெரிய பிரவுசர் ஃபயர்ஃபாக்ஸ் ஒன்றுதான். பழைய மெஷின்களைக் கடைசிவரை கைவிடாமல் பார்ப்பதும் அதுதான், மேலே பேசியதிலேயே தெரிகிறது. பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த ஆரம்பகால லேப்டாப்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, அவற்றை இன்னும் வைத்திருப்பவர்களுக்கு நான் லினக்ஸ் போட்டுக் கொடுக்கும்போதும் ஃபயர்ஃபாக்ஸ்தான் போடுகிறேன்.

செக்காலைக்காரன்:

சரி, பேசியதை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன், மறுப்பு இருந்தால் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இதையே ரீட்மீயில், அதாவது மென்பொருளின் அறிமுகக் கோப்பில் போட்டுவிடுகிறேன்.

படிப்பதும் தேடுவதும் பாதுகாப்பான இணைப்பு கிடைக்கும் எந்த பிரவுசரிலும் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமலே நடக்க வேண்டும், நடக்காவிட்டால் அது பிழை, யார் வேண்டுமானாலும் புகார் கொடுக்கலாம். தோற்றம் முன்னேபின்னே இருந்தால் பிழை ஆகாது. உள்நுழைந்து பதிவதற்கு இன்றைய குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ், அப்புறம் ஆண்ட்ராய்டு 8, 9-க்காக குரோம் 138, ஐஃபோன் 7-க்காக சஃபாரி 15, விண்டோஸ் 7-க்காக ஃபயர்ஃபாக்ஸ் 115. இந்தக் கடைசி ஒன்று மொஸில்லா நிறுத்தும்வரை மட்டும். ஆஃப்லைன் பதிவுக்கு ஆண்ட்ராய்டில் குரோம், ஐஃபோனில் முகப்பு ஐகான், வேறு எதிலும் அந்தப் பொத்தானே தெரியக் கூடாது.

தானாக ஓடும் சோதனையை பிளேரைட் என்ற பிரவுசர் சோதனைக் கருவியில் போட்டிருக்கிறோம், அது குரோமியம், ஃபயர்ஃபாக்ஸ், வெப்கிட் மூன்றிலும் ஓடும். ஆனால் அந்த வெப்கிட்டை ஐஃபோன் சஃபாரி என்று எடுத்துக்கொள்ள முடியாது, பழைய பதிப்புகளையும் அது பார்க்காது. அதனால் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பழைய பிரவுசருக்கும் அந்த மெஷினை நிஜமாகவே கையில் வைத்திருக்கும் ஒருவர் பெயர் இருக்க வேண்டும். வெளியீட்டுக்கு முன் அவர் திறந்து பார்த்துச் சொல்ல வேண்டும். பார்க்க ஆள் இல்லாத பிரவுசரைப் பட்டியலில் வைத்திருப்பது பொய் சொல்வதற்குச் சமம், ஆகவே ஆள் விலகினால் அதுவும் படிக்கும் தரத்துக்கு இறங்கிவிடும். வருஷத்துக்கு ஒரு தடவை, தைப்பொங்கலுக்கு அப்புறம், பட்டியலை மறுபடி பார்ப்போம்.

சிங்கை தேவகோட்டை:

எனக்குச் சம்மதம். அப்பச்சியின் ஐஃபோன் 7-ஐ நான் பார்த்துக்கொள்கிறேன், அவர் இங்கே என்னோடுதான் இருக்கிறார். ஐகானாகச் சேர்ப்பது எப்படி என்று படத்தோடு ஒரு பக்கம் தமிழில் எழுதித் தருகிறேன், பகிர் பொத்தானுக்குள் ஒளிந்திருப்பது பலருக்குத் தெரியாது.

கோட்டையூர் டீச்சர்:

ஃபயர்ஃபாக்ஸ் போட்டுப் பழகிக்கொள்கிறேன், எனக்கு ஒன்றும் இல்லை. என் கணினிக்கு நானே பொறுப்பு, பெயர் போட்டுக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். அந்தப் பழைய குரோமில் யாராவது உள்நுழையப் பார்த்தால் ஏதாவது ஒரு அறிவிப்பு வரும் அல்லவா. 'உங்கள் உலாவி காலாவதியானது' என்று போடாதீர்கள். வாசகசாலைக்கு வரும் பெரியவர்கள் அதைப் பார்த்தால் தாங்கள் ஏதோ கெடுத்துவிட்டோம் என்று பயந்து எழுந்து போய்விடுகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். 'இந்தக் கணினியில் பட்டியலைப் படிக்கலாம், தேடலாம். புதிதாகப் பதிய ஃபயர்ஃபாக்ஸில் திறக்கவும்' என்று போட்டால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்துவிடும்.

அரியக்குடி மாணவன்:

டீச்சர், நீங்கள் எழுதிய வாக்கியத்தையே அப்படியே போட்டுவிடுகிறேன். அடுக்குவதை சர்வருக்கு மாற்றி, லேபிளை ரெகுலர் எக்ஸ்பிரஷனில் எழுதி, தேடல் பெட்டியில் இன்புட் நிகழ்வை வைத்து மாற்றத்தைப் புதுப்பித்திருக்கிறேன். கைஓஎஸ்ஸுக்கு என் நண்பன் வீட்டு ஃபோனில் பார்த்தேன், பட்டியல் வருகிறது, தேடலும் வருகிறது, நீளமான தலைப்பு மட்டும் திரையைத் தாண்டி வெளியே ஓடுகிறது. அதை இன்றிரவு சரிசெய்துவிடுகிறேன்.

புதுவயல் கணினிக்கடை:

டீச்சர், வியாழக்கிழமை கோட்டையூர்ப் பக்கம் வருகிறேன், ஃபயர்ஃபாக்ஸ் போட்டு லேபிள் பிரின்டரையும் அதில் ஓட்டிப் பார்த்துவிடலாம். 115-இல் அச்சிடும்போது தாளின் அளவை ஒரு தடவை கையால் கொடுக்க வேண்டியிருக்கும், பழைய லேபிள் ஒன்றை எடுத்து வையுங்கள், அதை வைத்து அளந்துகொள்கிறேன்.